போடியில் ஃபிரேம் போட்ட கடைகள்

போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைக்காரர்களுக்கு வெப்சைட் ஆசை வந்தது 2000-ஐ ஒட்டிய வருடங்களில். வடக்கே இருக்கிற வியாபாரி நெட்டில் பார்த்தே ஆர்டர் போடுவான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைக் கட்டிக்கொடுப்பது அப்போது என் பிழைப்பு. மோடம் கீச்சிட்டு லைன் கிடைப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். போடிமெட்டுப் பக்கம் இடி இடித்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

அந்த வேகத்துக்கு, திரையைத் துண்டுகளாகப் பிரித்துக்காட்டும் ஃபிரேம் ஒரு வரம். நெட்ஸ்கேப் 2.0 அதை 1996-ல் உலகத்துக்குக் கொடுத்திருந்தது. இடது பக்கம் பட்டியல், மேலே கடைப் பெயர், நடுவில் சரக்கு. பட்டியலில் எதை அழுத்தினாலும் நடுப்பகுதி மட்டும் மாறும். மற்றவை திரும்ப இறங்க வேண்டியதில்லை. ஒரு முதலாளி மெய்மறந்து, "மேல இருக்குற முருகன் அசையவே இல்ல பாத்தியா தம்பி" என்றார்.

அவரே சில மாதம் கழித்து வந்து நின்றார். "கூகுள்ல தேடுனா நம்ம கடையே வரல. வந்தா விலை மட்டும் வருது, கடைப் பேரைக் காணோம்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. ஃபிரேம் தளத்தின் முதல் கோப்பில் சரக்கே கிடையாது. திரையை எப்படிப் பிரிப்பது, எந்தத் துண்டில் எந்தக் கோப்பை வைப்பது என்ற குறிப்பு மட்டும்தான். தேடுபொறிக்கோ ஒவ்வொரு கோப்பும் தனித்தனிப் பக்கம். முதல் கோப்பைப் படித்தால் அதில் ஏலக்காய் என்ற சொல்லே இல்லை. விலைக் கோப்பைப் படித்தால் அது தனியாக வந்து நிற்கிறது. பெயரில்லை, போன் நம்பரில்லை, பட்டியலுக்குப் போக வழியுமில்லை.

ஏலத்தில் விலை கேட்கிறவர் தோட்டத்தைப் பார்ப்பதில்லை. கைக்கு வந்த சாம்பிளின் நிறத்தைப் பார்க்கிறார், காயை உடைத்துப் பார்க்கிறார், கேட்கிறார். தேடுபொறிக்கு அப்படி ஒரு சாம்பிள் கொடுக்க முதல் கோப்பிலேயே, ஃபிரேம் தெரியாத பிரவுசர்களுக்காக வைத்த நோஃபிரேம்ஸ் என்ற இடம் இருந்தது. பெரும்பாலோர் அதில் 'உங்கள் பிரவுசரில் ஃபிரேம் தெரியாது' என்று எழுதிவைத்தார்கள். தேடினால் கடையைப் பற்றிய விவரமாக அந்த வரியே வந்து நிற்கும்! அதை எடுத்துவிட்டு ஊர், ரகம், காய் அளவு 7 எம்எம், 8 எம்எம் என்று நாலு வரி உருப்படியாக எழுதி, உள்பக்கங்களுக்கு இணைப்பும் கொடுத்தோம். ஒவ்வொரு கோப்புக்கும் தனித் தலைப்பு வைத்தோம். உள்பக்கங்களின் அடியில் கடை முகவரியும் முகப்புக்கு ஓர் இணைப்பும் சேர்த்தோம். அந்த இணைப்பில் '_top' என்று இலக்கு குறிக்காவிட்டால் ஃபிரேமுக்குள் இன்னொரு ஃபிரேம் திறந்து கூத்தாகிவிடும். தனியாக வந்த பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டால் ஃபிரேமுக்குள் இழுத்துப்போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. விலையைத் தேடி வந்தவரை அது பெரும்பாலும் முகப்பில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அதெல்லாம் அந்தக் காலம். பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் இன்றும் விடியலில் போடியிலிருந்து மலை ஏறுகின்றன. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலம் போடியிலும் புற்றடியிலும் கம்ப்யூட்டரில் நடக்கிறது. மதுரை மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்று, 2023-ல் அகல ரயிலாகத் திரும்பி வந்தது. நடுவில் அந்த வெப்சைட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. கடைகள் இருக்கின்றன.

ரயிலைச் சொல்லும்போது நினைவு வருகிறது: வண்டி நேரத்தையும் தமிழில் போடு என்று ஒரு முதலாளி கேட்டார். போட்டேன். தேடுபொறி அதைத் தீண்டவேயில்லை. தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்ற எழுத்துரு முறைகளை ஏற்றிருந்த காலம். அவை தவிர ஆளுக்கொரு எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரிவது கோப்புக்குள் வேறு ஏதோ குறிகளாக இருக்கும். ஃபிரேமையாவது நாலு வரியில் சரிக்கட்டலாம், இதற்கு யூனிகோடு வந்து பரவும்வரை மருந்தில்லை. அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். ஃபிரேமைக் கைவிடச் சொல்லி எச்டிஎம்எல் 5 தரமே அறிவித்தது 2014-ல். அதற்குள் பட்டியலை ஒரே கோப்பில் எழுதி எல்லாப் பக்கத்திலும் செருகும் பிஎச்பி வழக்கமாகிவிட்டதால் யாரும் அழவில்லை.

இப்போது அதே கடைகளின் பிள்ளைகள் அன்றைய விலையைப் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வெப்சைட்டிலும் அந்தப் படத்தையே ஒட்டிவிடுகிறார்கள். தம்பிகளே, தேடுபொறி படிக்கும்படி ரகத்தையும் விலையையும் தேதியையும் ஊரையும் எழுத்தாகப் போடுங்கள். அப்பா காலத்து ஃபிரேம் தளம் இன்னும் உயிரோடிருந்தால் முதல் கோப்பை ஃபிரேமில்லாத சாதாரணப் பக்கமாக்கிவிட்டு, பட்டியலை ஒவ்வொரு பக்கத்திலும் சேர்த்துவிடுங்கள். உள்பக்கங்களின் முகவரியை மட்டும் மாற்றாதீர்கள். தேடுபொறிக்கு ஏற்கெனவே தெரிந்தவை அவைதான்.