சுழியம் வேறு, மௌனம் வேறு

முழுவதும் பழுதடைந்த உணரியால் பெரிய தொல்லை இல்லை, அன்றே கழற்றிவிடலாம். நாளெல்லாம் சரியாக இயங்கி, எப்போதாவது அரை நொடி மட்டும் குறிகை அறுந்து மீளும் உணரிதான் ஆய்வாளரை அலைக்கழிக்கும்.

எங்கள் சோதனை கொதித்தலின்போது நிகழும் வெப்பக் கடத்தலைப் பற்றியது. குழாயில் ஓடும் நீரைச் சூடேற்றி, அழுத்தத்தை நொடிக்கு 100 முறை பதிவுசெய்கிறோம். சென்ற பருவத்தில் அழுத்தக்கோடு ஆங்காங்கே சுழியத்தில் விழுந்து எழுந்தது. "இருபுற மதிப்புகளைக் கொண்டு இடைவெளியை நிரப்பிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார் உடன் ஆயும் நண்பர். ஆய்வேட்டுக்கு நான்கே மாதங்கள் எஞ்சியிருந்தன.

விழுந்தது அழுத்தமா, குறிகையா என்பதே முதற்கேள்வி. இவ்வகை உணரி அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையான மின்னோட்டமாக அனுப்புகிறது. அழுத்தம் சுழியமெனில் 4. முழு அளவெனில் 20. அடிமட்டத்தை 0-இல் வைக்காததற்குக் காரணம் உண்டு: கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும். 'அழுத்தம் இல்லை' என்பதையும் 'செய்தி இல்லை' என்பதையும் இப்படிப் பிரித்தறியலாம். ஆனால் ஆய்வகத்தில் நெடுங்காலமாகப் புழங்கிவந்த நிரல், எதிர்மதிப்பாக வரும் அழுத்தத்தையெல்லாம் சுழியமாக்கிவிடும். கருவி காத்துவந்த வேறுபாடு அங்கே அழிந்துபோனது.

நிரலை ஒதுக்கி, 250 ஓம் மின்தடையின் குறுக்கே பதிவான மூல மின்னழுத்தத்தைப் பார்த்தோம். 1 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாதது 0-ஐத் தொட்டிருந்தது. நேரப்பதிவில் ஒரு வரியும் விடுபடவில்லை. எனவே கணினிமீது குற்றமில்லை. இரு உணரிகளின் கேபிள்களை மாற்றிப் பொருத்தினோம். கோளாறு கேபிளுடன் சென்றது. தொழில்நுட்ப உதவியாளர் அதன் முனையை மெல்ல அசைத்தார். திரையில் கோடு விழுந்தது. லூஸ் காண்டாக்ட்.

பிறகுதான் முக்கியமானதொன்று புலப்பட்டது. குறிகை அறுந்த நேரங்களை வரிசைப்படுத்தியபோது, ஏறத்தாழ அனைத்தும் உச்ச வெப்பத்தில், நீராவிக் குமிழிகள் குழாயை அதிரவைத்த பொழுதுகளிலேயே அமைந்திருந்தன. நாங்கள் காண விரும்பிய கொந்தளிப்பே தளர்ந்த முனையையும் அசைத்திருக்கிறது. இடைவெளியை நிரப்பியிருந்தால், இயற்கை மிகவும் கரடுமுரடாக இருக்கும் இடத்தில் வழவழப்பான கோடொன்றை வரைந்திருப்போம். கொதிகலன்களின் பாதுகாப்பு வரம்புகள் இத்தகைய அளவீடுகளை நம்பியே வகுக்கப்படுகின்றன.

முனையை மாற்றப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. சோதனைகளைத் திரும்பச் செய்ய ஆறு வாரங்கள் ஆயின. பழைய பதிவுகளை அழிக்கவில்லை. அறுந்த இடங்கள் வெற்றிடங்களாகவே பின்னிணைப்பில் இடம்பெறும்.

புதிதாக ஆய்வுக்கு வரும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள்: தரவில் இடைவெளி கண்டால் நிரப்புவதற்குமுன், அது எப்போது நேர்கிறது என்று பட்டியலிடுங்கள். மூலத்தரவை எந்த நிரலும் தொடாதபடி தனியே சேமியுங்கள். உணரி மௌனமான நொடியில் அதன் சார்பாக நாம் பேசலாகாது.