எக்செல் ஷீட்டும் அக்காவோட ஹேண்ட்பேகும்

ஒரு போன் வாங்கணும்னாகூட முதல்ல எக்செல் ஷீட் போடுற ஆளு நான். பொட்டி தட்டுறவன் புத்தி அப்படித்தானே போகும்? ஆனா போன மாசம் போட்ட ஷீட் மாதிரி இதுவரைக்கும் போட்டதில்லை. தலைப்பு: அக்காவுக்குத் துப்பாக்கி.

சிரிக்காதீங்க மக்கா, மேட்டர் சீரியஸ்.

நான் இருக்கிறது டெக்சாஸ்ல, டாலஸ் பக்கம். பக்கத்து வீட்டு அக்கா மதுரைக்காரங்க, இப்போ அமெரிக்க சிட்டிசன், ரியல் எஸ்டேட் ஏஜென்ட். காலி வீட்டை முன்பின் தெரியாதவங்களுக்குத் தனியா போய்க் காட்டணும். ஒருநாள் வீடு பார்க்க வந்த ஆள் உள்ளே நுழைஞ்சதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருக்கான். போன் பேசுற மாதிரி நடிச்சு பின்வாசல் வழியா தப்பிச்சு வந்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி, "டேய் தம்பி, நீதான் எல்லாத்தையும் கம்பேர் பண்ணுவியே, ஒண்ணு பார்த்துச் சொல்லு"ன்னாங்க. கை நடுங்கிட்டே இருந்துச்சு.

எச்1பி விசாவில இருக்கிறவன் துப்பாக்கி வச்சிருக்கக் கூடாதுங்கிறது ஃபெடரல் சட்டம். வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு, நம்மகிட்ட அதுவும் கிடையாது. அதனால எனக்கு ஷீட் மட்டும்தான், தொடுறது எல்லாம் அக்கா.

மூணு பெயர் தேறுச்சு. க்ளாக் 19: 15 தோட்டா, காலி மேகசினோட சுமார் 670 கிராம். 2018ல வந்த சிக் பி365: 10 தோட்டா, 500 கிராம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர்: 5 தோட்டா, 400 கிராம்தான். குட்டியா, லேசா இருக்கே, ரிவால்வர்தான் ஜெயிக்கும்னு நினைச்சேன்.

கடையோடவே ரேஞ்சும் இருந்துச்சு. அக்கா மூணையும் வாடகைக்கு எடுத்துச் சுட, நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். ரிவால்வர்ல அஞ்சு சுட்டதும் கையை உதறிக்கிட்டாங்க. எடை குறைஞ்சா உதை அதிகம், பிளஸ் டூ பிசிக்ஸ்தான். ட்ரிகரும் இழுக்க ரொம்ப கனம். க்ளாக்ல குறி நல்லா விழுந்துச்சு, ஆனா அவங்க போடுற டாப்ஸுக்குள்ள மறையாது. சரி, சிக்தான்னு முடிவாச்சு.

அப்போ கடைக்காரர் கேட்டார், "இதை எங்கே வச்சுக்குவீங்க?"

"ஹேண்ட்பேக்லதான்."

எனக்குப் பகீர்னுச்சு. 2014 டிசம்பர்ல ஐடஹோ மாநிலத்துல ஹேடன்ங்கிற ஊர்ல ஒரு அம்மா கடைக்குப் போயிருக்காங்க. ரெண்டு வயசுப் பையன் அவங்க ஹேண்ட்பேக்ல இருந்த துப்பாக்கியை எடுத்துட்டான். வெடிச்சுது. அம்மா அங்கேயே செத்துட்டாங்க. துப்பாக்கி வைக்கிறதுக்குன்னே தனி ஜிப்போட தைச்ச பை அது.

அக்கா பையனுக்கு மூணு வயசு. வீட்டுக்கு வந்ததும் அவன் செய்யற முதல் வேலை அம்மா பையைத் திறந்து பிஸ்கட் தேடுறது. நானே எத்தனை தடவை பார்த்திருக்கேன்! என் ஷீட்ல எடை, நீளம், தோட்டா எல்லாம் இருந்துச்சு. அவன் மட்டும் இல்லை.

சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

அன்னிக்கு வாங்கலை. இடுப்புல, ட்ரிகரை முழுசா மூடுற கெட்டியான உறையில வச்சு ஒரு நாள் முழுக்க நடமாட முடியுதா, வீட்டுக்கு வந்த நிமிஷம் பூட்டு போட்ட பெட்டிக்குள்ள வைக்கிற பழக்கம் வருமா? இது ரெண்டுக்கும் 'ஆமா' வந்தா வாங்கலாம்னு முடிவு. 2021 செப்டம்பர்ல இருந்து டெக்சாஸ்ல 21 வயசானவங்க, வேற சட்டத்தடை இல்லைன்னா, லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வச்சுக்கலாம். ஆனாலும் அக்கா லைசென்ஸ் வகுப்புல சேர்ந்துட்டாங்க. அதுல 3, 7, 15 கஜத்துல மொத்தம் 50 தோட்டா சுட்டுக் காட்டணும்.

நடுவுல காசு செலவில்லாத ஒரு மாத்தமும் பண்ணிட்டாங்க. யாரா இருந்தாலும் முதல் சந்திப்பு ஆபீஸ்லதான், ஐடி காப்பி கொடுத்தப்புறம்தான் வீடு.

நேத்து போயிருந்தேன். பயபுள்ள வழக்கம்போல பையைக் கவுத்துக் கொட்டினான். சாவி, பிஸ்கட், ஒரு லிப்ஸ்டிக். அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் எதுவும் சொல்லலை.