நான் பேசாமல் நின்ற அரை நிமிடம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறார். "மார்ச் 4 பாதுகாப்பு தினம் வருது சார். எங்க ஆளுங்க வாயே திறக்க மாட்டேங்கறாங்க. மெஷின்ல சத்தம் மாறினாக்கூடச் சொல்றதில்ல. நீங்க வந்து தன்னம்பிக்கை பத்தி ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்றார்.

தன்னம்பிக்கைப் பேச்சு எனக்குப் புதிதில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எத்தனை முறை பேசியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். உங்களில் சிலர் நின்றுகொண்டே தூங்கியது எனக்கும் தெரியும்! யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்தபோது இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள்.

முதலாமவன் 1996இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். இருளர் குடும்பம். கணக்கில் கெட்டிக்காரன். சாதிச் சான்றிதழ் இல்லை. அப்போது நம் பகுதி செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். மற்ற சான்றிதழ்களைப் போல் பழங்குடியினர் சான்றிதழைத் தாலுகா அலுவலகத்திலேயே வாங்கிவிட முடியாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையில் விசாரித்துத் தர வேண்டும்.

மனுவை நான் எழுதினேன். அவன் அப்பாவை நான் அழைத்துப் போனேன். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் எனக்குப் பின்னால் நின்றார். அதிகாரி அவரிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். வெளியே வந்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்தடுத்து வரச் சொன்ன நாட்களில் எனக்குப் பள்ளி வேலை, தேர்வு வேலை. நான் போகாத நாட்களில் அவரும் போகவில்லை. அங்கே போய் என்ன பேசுவது என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? சான்றிதழ் வரவில்லை. பையன் பத்தாவதோடு நின்றான். மறு வருடம் விசாரித்தபோது, முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமே செங்கல் சூளைக்குப் போய்விட்டது என்றார்கள். அவனை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

அந்த முன்பணம் எப்படிப்பட்டது என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நம் மாவட்டத்துச் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தியைப் பலமுறை படித்திருக்கிறோம். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த நிலையிலுள்ள பழங்குடிகள் என்று மத்திய அரசு பட்டியலிட்ட 6 இனங்களில் இருளரும் ஒன்று. அவர்களுக்குச் சட்டமும் இருக்கிறது, சலுகையும் இருக்கிறது. அவற்றை வாய்விட்டுக் கேட்கிற பழக்கத்தைத்தான் நாம் வளர விடவில்லை. நானும் வளர விடவில்லை.

இரண்டாவது ஆள் ஒரு தாய். 2022இல் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எங்கள் பள்ளியின் 20 பேர் குழுவில் அந்த அம்மாவும் ஒருவர். இருளர். ஏரி, கால்வாய்களில் மீனும் இறாலும் கையால் தடவிப் பிடிப்பார், மரம் வெட்டவும் போவார். முதல் கூட்டத்துக்கு வந்தவர் நாற்காலி காலியாக இருந்தும் வாசல்படி ஓரம் தரையில் உட்கார்ந்தார். "மேல உட்காருங்கம்மா" என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் எழுந்தார். அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இரண்டாவது கூட்டம் முடிந்ததும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். மகள் பத்தாவது. சான்றிதழ் இல்லை.

"குடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பையன் முகமும் கூடவே வந்தது. விழுங்கிவிட்டு, "நான் கூட வரேம்மா. ஆனா பேசறது நீங்கதான்" என்றேன்.

"நான் இன்னா சார் பேசறது!" என்று சிரித்துவிட்டார்.

பள்ளி விட்ட பிறகு வேப்பமரத்தடியில் நான் அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொள்வேன். அவர் எதிரில் நின்று பேச வேண்டும். முதல் நாள் சிரிப்பு. இரண்டாம் நாள் தரையைப் பார்த்துப் பேசினார். நான்காம் நாள் என்னைப் பார்த்தார். நடுவில் ஒரு நாள் கேட்டார்: "மாமல்லபுரத்துல ஒரு பொண்ணு பேசிச்சே, போன்ல பாத்தேன். அது எப்டி சார் பயப்படாம பேசிச்சு?"

அவர் சொன்னது நரிக்குறவர் இனத்தைச் சேர்ந்த அஸ்வினியை. 2021 அக்டோபரில், கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தங்களை எழுப்பிவிட்டதை அந்தப் பெண் கேட்ட வீடியோ ஊரெல்லாம் பரவியது. அமைச்சர் சேகர்பாபு அதே கோயிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார்.

"பயம் இல்லாமயா இருந்திருக்கும்? பயந்துகிட்டேதாம்மா பேசியிருக்கும்" என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை, திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். நம்மூரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். விடியற்காலையிலேயே கிளம்பிப் பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறிப் போனோம். அவர் முறை வந்தது. ஐந்து வாக்கியம் பழகியிருந்தார். ஐந்தும் மறந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் சுவரைப் பார்த்தேன். அரை நிமிடம் இருக்கும். வகுப்பில் பதில் தெரியாமல் நிற்கிற பிள்ளைக்கு உடனே எடுத்துக் கொடுத்தே பழகியவன் நான். அந்த அரை நிமிடம் சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு அவரே பேசினார். பழகிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. "எம் பொண்ணு பத்தாவது படிக்குது சார். நாங்க இருளருன்னு ஊருக்கே தெரியும். பேப்பருக்குத்தான் தெரியல" என்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். தாத்தா ஊர் எது, உறவினர் யாருக்காவது சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொன்னார். உறவினர் விவரமெல்லாம் எனக்கே தெரியாது. நான் பேசியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன்!

சான்றிதழ் வர சில மாதங்கள் ஆயின. விசாரணைக்கும் மற்றதற்கும் நான்கு முறை அலைந்தார். அதில் ஒருமுறைகூட நான் போகவில்லை. அவர் மகள் இப்போது பொன்னேரி அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கிறாள். அதைவிட எனக்கு நிறைவு தந்தது வேறு. அடுத்த வருடம் அதே குடியிருப்பிலிருந்து இரண்டு தாய்மார்களை அந்த அம்மாவே திருவள்ளூருக்கு அழைத்துப் போயிருக்கிறார். "நீங்க பேசினீங்களா?" என்று கேட்டேன். "இல்ல சார். அவங்கதான் பேசினாங்க. நான் சும்மா நின்னேன்" என்றார்.

ஆகவே, அன்பு மாணவரே, மார்ச் 4க்கு நான் வருகிறேன். ஆனால் பேச மாட்டேன். ஷிப்டு தொடங்கும் முன் தினமும் ஐந்து நிமிடம் நிற்கவைத்துப் பாதுகாப்பு பற்றிச் சொல்கிறீர்களே, அதை வாரம் ஒரு நாள் உங்கள் லைனில் வாயே திறக்காத ஆளிடம் கொடுங்கள். ஒடிசா தம்பியாக இருந்தால் அவருக்குத் தெரிந்த பாஷையில் சொல்லட்டும், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லட்டும். அந்த மெஷின் பக்கத்தில் 8 மணி நேரம் நிற்கிறவர் அவர்தான். அதன் சத்தம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நடுவில் தடுமாறி உங்களைத் திரும்பிப் பார்ப்பார். எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொன்னதில் ஒன்றையாவது அன்றைக்கே சரிசெய்து காட்டுங்கள். சொன்னால் நடக்கிறது என்று தெரிந்தால் அடுத்த முறை கேட்காமலே சொல்வார்.

பெற்றோராகிவிட்ட என் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ உங்கள் பிள்ளையிடம் யாராவது ஏதாவது கேட்டால், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

1996இல் படித்த அந்தப் பையனுக்கு இப்போது 45 வயது இருக்கும். அவன் வகுப்புத் தோழர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். அவன் இருக்கும் இடம் யாருக்காவது தெரிந்தால் பெயரை இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவன் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் கூடப் போய் நிற்க நான் தயார்.