தவளைக்கு வளரும்!

தவளையின் கண்ணை, இருந்த இடத்திலேயே, ஸ்க்ரூ மாதிரி அரைச் சுற்று திருப்பி வைத்தால் என்ன ஆகும்? இந்த மாதிரி சந்தேகமெல்லாம் நமக்கு வராது. இன்க்ரிமென்ட் எப்போது, எட்டு நாற்பது பஸ் இன்றைக்காவது நிற்குமா என்கிற அளவில் நம் சந்தேகங்கள் முடிந்துவிடும். அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரி என்பவருக்கு 1940-களில் இது வந்தது. வந்ததோடு நிற்காமல் செய்தும் பார்த்துவிட்டார்.

இத்தனைக்கும் மனிதர் காலேஜில் முதலில் படித்தது ஆங்கில இலக்கியம். பி.காம். படித்த நான் நரம்பைப் பற்றி எழுத இந்த ஒரு முன்னுதாரணம் போதும்.

ஸ்பெர்ரி தவளையின் பார்வை நரம்பை வெட்டினார். கண்ணை 180 டிகிரி திருப்பினார். காத்திருந்தார். தவளைக்கு, வெட்டுப்பட்ட பார்வை நரம்பு மறுபடி வளரும். வளர்ந்து மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. பார்வையும் திரும்பியது. ஆனால் ஈ மேலே பறந்தால் தவளை கீழே பாய்ந்து மண்ணைக் கவ்வியது. முன்னால் பறந்தால் பின்னால் திரும்பியது. எத்தனை நாளானாலும் அது திருந்தவேயில்லை.

அந்தக் காலத்துப் பெரியவர்கள், ஸ்பெர்ரியின் கைடு பால் வைஸ் உட்பட, நரம்பு எங்கே போய் ஒட்டினாலும் பரவாயில்லை, பிற்பாடு எல்லாம் தன்னால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தார்கள். தவளை அதைப் பொய்யாக்கியது. ஒவ்வொரு நரம்பிழையும், கண் தலைகீழானதே தெரியாமல், தன் பழைய விலாசத்தையே தேடிப் போயிருந்தது. இழையிலும் மூளையிலும் ஏதோ ரசாயன அடையாளம் இருக்கவேண்டும் என்று 1963-ல் எழுதினார் ஸ்பெர்ரி. (கைடு சொன்னதைத் தப்பென்று நிரூபித்தும் அவர் பிழைத்தார். 1981-ல் வேறொரு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசே வாங்கினார். நம் ஆபீஸில் முயன்று பார்க்கவேண்டாம்.)

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது அப்பாவால். பக்கவாட்டில் வரும் சைக்கிள் தெரியாமல் இரண்டு முறை இடித்துக்கொண்டார். வயசாச்சு, புரையாக இருக்கும் என்று கண் டாக்டரிடம் போனோம். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கிளாக்கோமா" என்றார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பின் இழைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற வியாதி. வலிக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும் என்பதால் தெரியவும் தெரியாது.

"புரைன்னா லென்ஸ் வெச்சு அனுப்பிடுவேன் சார். இது போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார்.

அப்பா தபால் இலாகாவில் சார்ட்டிங்கில் இருந்து ரிட்டயரானவர். ஒரு கண்ணிலிருந்து மூளைக்குச் சுமார் 10 லட்சம் இழைகள் போகின்றன, எல்லாம் தாயின் வயிற்றிலேயே வளர்ந்து போய்ச் சேர்ந்தவை என்று நான் படித்துச் சொன்னதும், அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருடா சார்ட் பண்றா?"

யாருமில்லை என்பதுதான் ஆச்சரியம். மனிதனிடம் இருக்கும் ஜீன்களே 20,000 சொச்சம். 10 லட்சம் இழைக்கும் தனித்தனியாக விலாசம் எழுத மை போதாது. அதனால் ஒவ்வொரு இழையின் நுனியும் விரல் விரித்த கை மாதிரி இருக்கிறது. ஸ்பெயின்காரர் ராமோன் இ காஹால் 1890-ல் இதைக் கோழிக் கருவில் கண்டு சொன்னார். இருட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி இந்தக் கை தடவித் தடவிப் போகும். வழியில் கிடைக்கிற புரோட்டீன்கள்தான் அதற்கு "வா", "போ", "கிட்ட வராதே" போர்டுகள்.

முதலில் கண்ணைவிட்டு வெளியேற வேண்டும். வாசல் ஒன்றுதான். அங்கே நின்று கூப்பிடும் புரோட்டீனுக்குப் பெயர் நெட்ரின். 1994-ல் கலிஃபோர்னியாவில் இதைக் கண்டுபிடித்தவர்கள் வழிநடத்துபவர் என்று பொருள்படும் சம்ஸ்கிருதச் சொல்லைத் தேடிப் பிடித்துப் பெயர் வைத்தார்கள். நேதாஜியில் இருக்கிற அதே நேதா. நேத்ரம் பிறந்ததும் அதே வேரில்தான். மூன்று வருஷம் கழித்து அது எலியின் கண் வாசலிலேயே வேலை செய்வது தெரிந்தது. பெயர்ப் பொருத்தம் பாருங்கள்.

வெளியே வந்தால் ஒரு ஜங்ஷன். நமக்குச் சுமார் பாதி இழைகள் எதிர்ப்பக்கம் தாண்டும், மீதி அதே பக்கம் திரும்பும். சயாமீஸ் பூனைகளுக்கு இந்த ஜங்ஷனில் கணக்குத் தப்புகிறது. அவற்றில் பலவற்றுக்கு மாறுகண் இருப்பது அதனால்தான்.

கடைசியில் மூளையில் இடம் பிடிக்க வேண்டும். 1987-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ஃப்ரீட்ரிஷ் போன்ஹோஃபரின் ஆய்வுக்கூடத்தில், கோழிக்கரு மூளையின் பார்வைப் பகுதியிலிருந்து முன்பக்கச் சவ்வையும் பின்பக்கச் சவ்வையும் எடுத்து, அணில் முதுகு மாதிரி மாற்றி மாற்றிக் கோடு போட்டார்கள். கண்ணின் காதோரத்து இழைகளை அதில் வளரவிட்டார்கள். அவை முன்பக்கக் கோட்டில் மட்டும் ஒழுங்காக நடந்தன. முன்பக்கத்தில் ஏதோ ஆசை காட்டுகிறது என்றுதானே தோன்றும்? பின்பக்கச் சவ்வைச் சூடுபடுத்தி மறுபடி பார்த்தார்கள். இரண்டிலும் வளர்ந்தன! ஆக, பின்பக்கம் துரத்திக்கொண்டிருந்திருக்கிறது.

துரத்துகிற ஆசாமி 1995-ல் டூபிங்கனிலும் ஹார்வர்டிலும் பிடிபட்டான். இப்போதைய பெயர் எஃப்ரின். அப்பாவுக்கு இதைக் காரம் என்று சொன்னேன். அந்தப் பகுதியில் முன்னால் காரம் கம்மி, பின்னால் போகப்போக ஜாஸ்தி. காதோரத்து இழைக்குச் சட்டென்று உறைக்கும், முன்வரிசையிலேயே "ஸ்ஸ்" என்று உட்கார்ந்துவிடும். மூக்கோரத்து இழை ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டுப் பழகினது, கடைசி வரிசை வரை போகும். நடுவில் இருப்பவை அவரவர் நாக்குக்குத் தகுந்த இடத்தில். விலாசம் எழுதாமலே வரிசை அமைந்துவிடுகிறது.

"பேஷ்" என்றார் அப்பா. அப்புறம் கொஞ்சம் யோசித்து, "தவளைக்கு வளருதுங்கற. எனக்கு வளராதா?"

நான் எதிர்பார்த்த கேள்விதான். பதில் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. நமக்குப் பிறந்த பிறகு அந்த இழைகளின் வளரும் வேகம் அடங்கிவிடுகிறது. போதாததற்கு, வளர்ந்த மூளையிலும் நரம்பிலும் வளராதே என்று தடுக்கும் புரோட்டீன்கள் வேறு. அதில் ஒன்றுக்கு 2000-ல் வைத்த பெயரே 'நோகோ'. 2008-ல் எலிகளில் ஒரு ஜீனை நீக்கியபோது, நசுக்கப்பட்ட பார்வை நரம்பில் ஒரு சிறு பங்கு இழைகள் திரும்ப வளர்ந்தன. ஆனால் வளர்ந்தால் மட்டும் போதுமா? இத்தனை தூரம் வழி கேட்டுப் போய், சரியான வரிசையில் உட்கார வேண்டுமே.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆக, ஒரே ஒரு டெலிவரி. ரீடைரக்ட் கிடையாது" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, சொட்டு மருந்தை எடுத்துவரச் சொன்னார். அன்றிலிருந்து ஒரு வேளை தவறவில்லை.

இதில் நமக்கும் ஒரு சேதி உண்டு. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது கிளாக்கோமா இருந்தால் நமக்கும் வர வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நன்றாகத்தானே தெரிகிறது என்பது சமாதானம் ஆகாது. அப்பாவுக்கும் நன்றாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. கண் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது, உள்ளே நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் வருஷா வருஷம் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு யோசனை. கண்ணில் மருந்து விட்டால் சில மணி நேரம் எழுத்தெல்லாம் மங்கும். மேனேஜரிடம் அரை நாள் லீவு கேட்காதீர்கள். முழு நாளே கேளுங்கள்.