வெயில் நகரும் பக்கம்

கோதாவரி விடுதி,
ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்,
புது தில்லி.
ஜனவரி 19

அன்புள்ள மதினிக்கு,

பொங்கலன்று போனில் நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அங்க பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கா, இல்ல ரூம்ல தனியாத்தான் கிடக்கியா?" என்று கேட்டீர்கள். இந்தப் பக்கம் ஒரு கூட்டமே என் தோள்மேல் சாய்ந்துகொண்டு "யாரு, யாரு" என்று குடைந்தது. அந்தப் பக்கம் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "இருக்காங்க மதினி, இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாட்ஸப்பில் எழுதினால் அண்ணன் வீடு முழுக்க வாசித்துக் காட்டிவிடுவான். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

முதலில் குளிரைச் சொல்லிவிடுகிறேன், ஆச்சிக்கு அதுதான் கவலை. நம் வீட்டில் மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் லேசாக உறைந்திருக்கும், எட்டு மணிக்கெல்லாம் தானாக இளகிவிடும் இல்லையா? இங்கே தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் உறைந்த பாட்டில் இன்னும் அப்படியே வெள்ளைக் கட்டியாக நிற்கிறது. இந்த வாரம் விடியற்காலையில் 5, 6 டிகிரி. இதெல்லாம் குளிரே இல்லையாம். 2021 ஜனவரி 1 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி வரை இறங்கியது என்று சீனியர்கள் சொல்வார்கள், என்னவோ தாங்களே போய் இறக்கிவிட்டு வந்த தோரணையில்.

நீங்கள் டவுனில் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர் நவம்பர் வரை தாங்கியது. இப்போது அது உள்சட்டை ஆகிவிட்டது. அதற்கு மேல் போட, திபெத்தியர்கள் குளிர்காலத்தில் விரிக்கும் கம்பளிக் கடையில் ஒன்று வாங்கினேன். திபெத்துச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் விற்பது பெரும்பாலும் லூதியானாவில் செய்ததுதான். ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையை முனிர்காவில் எடுத்தேன். எத்தனை கிலோ பஞ்சு வேண்டும் என்று கேட்டு, எடை போட்டு, கண் முன்னாலேயே அடைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் வெளியே வர மனசு வராது. தினமும் குளிக்கிறேனா என்று அம்மா கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த மூடுபனியைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவில் பார்த்துவிட்டு அழகு என்று நினைத்திருந்தேன். காற்று அசையாமல் நின்று, தரை குளிர்ந்து, ஈரம் அப்படியே தங்கிவிடுகிறது. அதோடு ஊர்ப் புகையும் சேர்ந்துகொள்கிறது. காலையில் தொண்டை கரகரக்கும்போது அதில் எவ்வளவு பனி, எவ்வளவு புகை என்று தெரிந்துவிடும். ராத்திரி பாலங்களுக்கு அடியில் படுத்திருப்பவர்களைப் பஸ்ஸிலிருந்து பார்த்தால், அழகு என்று சொல்ல வாய் வராது. அதை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு இங்கே ஆள் சேர்த்துக் கொடுத்தது வெயில்தான் மதினி. "வெயில்ல நிக்காத, கறுத்துப் போவ" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டிலிருந்து வந்தவள் நான். இங்கே பதினோரு மணிவாக்கில் பனி விலகும். உடனே வராந்தாவில் யாராவது ஒருத்தி "தூப் நிகல் ஆயீ!" என்று கத்துவாள், வெயில் வந்துவிட்டது என்று. அவ்வளவுதான், கதவுகள் திறக்கும். பாய், புத்தகம், ஈரத்துணி வாளி, ஆரஞ்சுப் பழம், வேர்க்கடலைப் பொட்டலம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு புல்வெளிக்கு ஓடுவோம். விடுதியின் நிழல் மெதுவாக நம்மேல் ஏறி வரும். வர வர எல்லோரும் பாயை இழுத்துக்கொண்டு கிழக்கே நகர வேண்டும். மூன்றரை மணிக்கு மிச்சம் இருக்கிற வெயில் மதிலோரத்தில் ஒரு கீற்றுதான். அதற்குள் நெருக்கியடித்து உட்காரும்போது பேசாமல் எப்படி இருப்பது? வகுப்பில் ஆகஸ்டிலிருந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள் பேர்கூட எனக்குத் தெரியாமல் இருந்தது. டிசம்பரில் அந்தக் கீற்று வெயிலில்தான் அவள் என்னிடம் கடலைப் பொட்டலத்தை நீட்டினாள்.

அவள் காஷ்மீர்க்காரி. ஃபெரன் என்று முழங்கால் வரைக்கும் தொங்கும் கம்பளி அங்கி போட்டுக்கொண்டு, கைகளை அதற்குள்ளேயே மடக்கி வைத்துக்கொள்வாள். சட்டைக் கை மட்டும் வெறுமனே ஆடும். அவர்கள் ஊரில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் கொடுங்குளிர். அதற்குச் 'சில்லை கலான்' என்று பேர். அதற்குப் பிறகு இருபது நாள் சின்னது, பிறகு பத்து நாள் குட்டி. நம் அக்கினி நட்சத்திரத்துக்கு முன்னேழு, பின்னேழு என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி அவர்கள் குளிருக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் எல்லோரையும்விட அதிகமாக நடுங்குகிறவள் அவள்தான்! "எங்க வீட்டுல தரைக்கு அடியில நெருப்பு போட்டுச் சூடாக்குற அறை உண்டு, அங்கிக்குள்ள கங்குச் சட்டி உண்டு. இங்க அறைக்கு உள்ளயும் அதே குளிர், வெளியிலயும் அதே குளிர், இது என்ன ஊர்?" என்று தில்லியைத் திட்டுவாள். ஒருநாள் அவர்கள் ஊர்த் தேயிலையில் டீ போட்டுக் கொடுத்தாள். ரோஸ் கலர். ஆசையாக வாயில் வைத்தேன். உப்பு! முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது பழகிவிட்டது, வாரம் ஒருமுறை நானே போய்க் கேட்கிறேன்.

அறைத்தோழி மணிப்பூர். நீங்கள் அரைத்துக் கொடுத்த மிளகாய்ப் பொடியை ஒரு கரண்டி எடுத்துச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கு, காரம் மட்டும் கொஞ்சம் போதாது" என்றாள். திருநெல்வேலி மானமே போயிற்று. அவர்கள் ஊரில் ஊமொரோக் என்று ஒரு மிளகாய் உண்டு. அதைக் குழம்பில் காம்போடு ஒரு முக்கு முக்கி எடுத்தாலே போதுமாம். அடுத்த தடவை கொஞ்சம் கூடவே மிளகாய் போடுங்கள், விட்டுக்கொடுக்க முடியாது.

பிகாரிலிருந்து வந்த ஒருத்தியை எல்லோரும் தீதி என்றுதான் கூப்பிடுவோம். பிஎச்.டி. பண்ணுகிறாள். அவள் பட்டாணி வாங்கிவந்து பாய் நடுவில் கொட்டிவிட்டால் ஊரே கூடிவிடும். குளிர்காலப் பட்டாணி அப்படி இனிக்கும். உரிப்பதில் பாதி பாத்திரத்துக்கு, பாதி வாய்க்கு. ஆய்வுக் கட்டுரை, காதல், ஊர்ச் சண்டை, எல்லாம் அந்தத் தோல் குவியலைச் சுற்றித்தான் பேசி முடிவாகும். இங்கே படிப்பில் ரெண்டு பருவம். ஒன்றுக்கு மழைக்காலப் பருவம், மற்றதுக்குக் குளிர்காலப் பருவம் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். பாயில் உட்கார்ந்தே ஒரு பருவத்தைப் படித்து முடித்துவிடலாம் என்பது தீதியின் கட்சி.

கீற்று வெயிலும் போன பிறகு சில நாள் பாறைக்குப் போவோம். வளாகத்துக்குள்ளேயே ஆரவல்லித் தொடரின் பாறைகள் இருக்கின்றன. மயில் திரியும், புதருக்குள் நீலமான் நிற்கும். பார்த்தசாரதி பாறை என்று பேர். பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கியபோது முதல் துணைவேந்தராக வந்தவர் ஜி. பார்த்தசாரதி, என். கோபாலசாமி ஐயங்காரின் மகன், நம் பக்கத்து ஆள்தான். பகல் முழுக்கக் காய்ந்த பாறை, பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம் வரை சூட்டை வைத்திருக்கும். உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்புறம் கங்கா டாபாவில் ஒரு டீ. கண்ணாடி போட்டவர்களுக்கு ஆவி படிந்து ஒன்றும் தெரியாது, அந்த நேரம் பார்த்து அவர்கள் தட்டிலிருந்து பக்கோடா காணாமல் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தீதி எங்களை விடிவதற்கு முன்னால் எழுப்பிச் சாந்தினி சௌக்குக்குக் கூட்டிப்போனாள். மெட்ரோவில் ஹௌஸ் காஸ் போய் வண்டி மாற வேண்டும். கினாரி பஜார் சந்தில் பெரிய தட்டில் நுரையைக் குவித்து வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். தௌலத் கி சாட். பாலையும் பாலேட்டையும் கடைந்து கடைந்து எடுத்த வெறும் நுரை, மேலே குங்குமப்பூ, கோவா, தூள் சர்க்கரை. குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும், வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும். வாயில் வைத்தேன், பல்லுக்கும் வேலை இல்லை, நாக்குக்கும் வேலை இல்லை, காணோம். பால் வாசனை மட்டும் இருந்தது. குட்டிக்கு அதைக் கொடுத்தால் "எங்க போச்சு?" என்று தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பாள். ஆனால் என்னைக் கேட்டால், அதைவிடத் திரும்பி வரும்போது தின்ற சுட்ட சீனிக்கிழங்குதான் ஒரு படி மேல். கரி நெருப்பில் சுட்டு, நறுக்கி, எலுமிச்சை பிழிந்து மசாலா தூவித் தருகிறார்கள். நாம் வெறுமனே அவித்துத் தின்றுகொண்டிருக்கிறோம்.

மார்கழியில் கோயிலுக்குப் போகிறாயா என்று ஆச்சி கேட்டாளே, போனேன். ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் இருக்கிறது, நம் சுவாமிநாத சுவாமி. மணிப்பூர்க்காரியும் காஷ்மீர்க்காரியும் பொங்கல் பிரசாதத்துக்காகக் கூடவே வந்தார்கள். செருப்பைக் கழற்றிக் கல்லில் கால் வைத்தால், நெல்லையப்பர் கோயில் வெளிப்பிரகாரத்தில் சித்திரை மத்தியானம் குதிப்போமே, அதே குதி. இங்கே சூட்டினால் இல்லை, சில்லிப்பினால். பிரகாரத்தை ஓடியே சுற்றி முடித்தோம். முருகன் என்ன நினைத்தாரோ.

பொங்கல் கதைதான் முக்கியம். 13-ஆம் தேதி ராத்திரி பஞ்சாபிப் பிள்ளைகள் லோஹிரிக்கு நெருப்பு மூட்டி, கடலையும் எள்ளுமிட்டாயும் பொரியும் போட்டுச் சுற்றி ஆடினார்கள். நம் பக்கம் போகிக்கு வெள்ளையடிப்பதோடு சரி, சென்னைக்காரி ஒருத்தி மட்டும் "எங்க வீட்டுல காலையிலயே எரிச்சாச்சு" என்று பெருமை அடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் தீதி எல்லோருக்கும் அவலும் தயிரும் வெல்லமும் பிசைந்து வைத்தாள், கூடவே எள்ளில் இடித்துச் செய்த தில்குட். அவர்கள் ஊர்ச் சங்கராந்திக்கு அதுதான் சாப்பாடு. நான் மெஸ் பையாவிடம் கெஞ்சிப் பின்கட்டில் ஓர் அடுப்பு வாங்கியிருந்தேன். பானை கிடைக்கவில்லை, அலுமினியச் சட்டி. மஞ்சள் குலைக்குப் பதில் கடையில் கிடைத்த பச்சை மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துக் கட்டினேன். எல்லாம் தயார், சூரியனைக் காணோம்!

நம் வீட்டில் ஆச்சி இருட்டோடு எழுந்து, அடுப்புக்கட்டி வைத்து, பனையோலை எரித்து, சூரியன் எட்டிப் பார்க்கும்போது பொங்கிவிடும். இங்கே ஒன்பது, பத்து ஆகியும் வானம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வெயில் வந்தபிறகுதான் அடுப்பு பற்ற வைப்பேன் என்று நான் அடம். மற்றவர்களுக்கு அது விநோதமாகவே படவில்லை மதினி. அவர்கள்தான் தினமும் வெயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் ஆயிற்றே. போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். பதினொன்றேகாலுக்கு மேகத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளித்தட்டு தெரிந்தது. பற்ற வைத்தேன். பால் பொங்கி விளிம்பில் வழிந்தது, என்னை அறியாமல் குலவை போட்டுவிட்டேன். ஒரு நொடி எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். அடுத்த நொடி, எப்போதும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காத ஒரு கல்கத்தாக்காரி எழுந்து நின்று பதில் குலவை போட்டாள்! அவர்கள் ஊரில் கல்யாணம், பூஜை எல்லாவற்றுக்கும் பெண்கள் அப்படித்தான் ஒலியெழுப்புவார்களாம், உலு என்பார்களாம். நான் விட்டால் அவள், அவள் விட்டால் நான். மெஸ் பையா வெளியே வந்து "என்ன ஆச்சு, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிவிட்டார். நீங்கள் போன் பண்ணியது அப்போதுதான். என் தோள்மேல் சாய்ந்துகொண்டு "யாரு, யாரு" என்றவர்கள் இவர்கள்தான்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். பாளையங்கோட்டைப் பையன் ஒருவன் காவேரி விடுதியில் இருக்கிறான். பிப்ரவரி முதல் வாரம் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறுகிறான். அங்கிருந்து திரும்பும்போது அவனிடம் பனங்கிழங்கு ஒரு கட்டு கொடுத்துவிடுங்கள். அவிக்க வேண்டாம், ரெண்டு நாள் வண்டியில் கெட்டுவிடும், மண்ணோடு பச்சையாகவே இருக்கட்டும். நடுவில் இருக்கிற தும்பை உரித்துப் போட்டுவிட்டுத் தின்ன வேண்டும் என்று இவர்களிடம் இப்போதே பாடம் எடுத்துவிட்டேன், நம்பிக்கை இல்லாமல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் அம்மா வீட்டுப் பொங்கல்படியில் வந்த சிறுகிழங்கு மிச்சம் இருந்தால் அதையும் வையுங்கள், தீதி பொரியல் பண்ணித் தருகிறேன் என்றிருக்கிறாள்.

அவன் ஊருக்கு வரும்போது குட்டிக்கு கஜக் கொடுத்தனுப்புகிறேன். எள்ளும் வெல்லமும், மொறுமொறு என்று இருக்கும். நம் ஊர்க் காற்றுக்குச் சீக்கிரம் நமத்துவிடும், பிரித்ததும் டப்பாவில் போட்டு இறுக்கி மூடிவிடுங்கள். அண்ணன் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே நாத்தனார்