திரும்பி வந்த தபால் தலை

அப்பா சேர்த்து வைத்துவிட்டுப் போன பிரெஞ்சிந்தியத் தபால் தலைகளில், ஒன்றுக்கு மேல் இருப்பவற்றை நான் இணையத்தில் விற்று வருவது உங்களில் பலருக்குத் தெரியும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அந்த விவகாரம் முடிந்த விதத்தை எழுதி வைக்கிறேன்.

முதலில் சரக்கைப் பற்றி. 1914-இல் வெளியான, பிரம்மா படம் போட்ட தலை. 1923-இல் எங்கள் ஊர்த் தபால் தலைகளில் பிராங்க், சாந்தீம் போய் ஃபனோன், காஷ் வந்தன. (நம்முடைய பணமும் காசும்தான் வெள்ளைக்காரர் வாயில் புகுந்து இப்படி ஆயின. 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய்.) அப்போது பழைய தலைகளின் மேலேயே புதிய விலையை அச்சடித்து விற்றார்கள். ஓவர்பிரின்ட் என்பார்கள். அப்படிப்பட்ட தலை ஒன்றை, முத்திரை விழுந்தது, 2,400 ரூபாய்க்கு விற்றேன்.

பத்தாம் நாள் புகார் வந்தது. "ஓவர்பிரின்ட் போலி. முத்திரை மையின் மேல் ஓவர்பிரின்ட் மை உட்கார்ந்திருக்கிறது. பணம் வேண்டும்."

விஷயம் தெரிந்த ஆள் என்று அப்போதே புரிந்தது. ஓவர்பிரின்ட் அச்சகத்தில் விழுவது. முத்திரை அதற்குப் பிறகு தபாலாபீசில் விழுவது. ஆகவே முத்திரை மைதான் மேலே இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால், பிற்பாடு எவனோ வீட்டில் உட்கார்ந்து அடித்திருக்கிறான் என்று அர்த்தம். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, போலியான சரக்கையோ சொன்னதற்கு மாறான சரக்கையோ திரும்பப் பெற மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. அனுப்பி வையுங்கள் என்று பதில் போட்டேன்.

ஆனால் இரண்டு இரவு சரியாகத் தூக்கமில்லை. 2,400 ரூபாய்க்காக அல்ல. தாத்தாவுக்கு வந்த கடிதத்தின் உறையை வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, அப்பா தன் கையால் எடுத்த தலை அது. அது போலி என்றால் என்ன அர்த்தம்?

பார்சல் வந்தது. வந்து சேர்ந்ததாகக் கணினியில் ஏறிய அன்றே, விற்பனைத் தளம் அவர் பணத்தை அவருக்குக் கொடுத்துவிட்டது. பேத்தி செல்போனில் படம் எடுக்க, நான் உறையைப் பிரித்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. சுத்தப் போலி.

ஆனால் அது என் தலை இல்லை.

நகல் இல்லாமல் ஒரு தாளும் வெளியே போகக் கூடாது என்பது கருவூலத்தில் முப்பது வருஷம் ஊறிய பழக்கம். அனுப்பும் ஒவ்வொரு தலையையும் முன்புறம் பின்புறம் ஸ்கேன் செய்து வைப்பேன். என் தலையில் முத்திரை வளைவு இடது கீழ் மூலையில். மேல் விளிம்பில் ஒரு பல் குட்டை. வந்ததில் முத்திரை வலது மேல் மூலையில். பற்கள் அத்தனையும் முழுசு. ஒரே முத்திரை இரண்டு தலையில் ஒரே மாதிரி விழுவதில்லை. இதைவிடப் பெரிய சாட்சி எதற்கு?

மகன் போலீசுக்குப் போகலாம் என்றான். என் மனைவிதான், "என்னங்க, திருடன்னு மட்டும் எழுதிடாதீங்க. அவங்ககிட்டயும் நாலஞ்சு இருக்கும், கலந்து போயிருக்கும்" என்றாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: நடந்ததை எழுது, தேதியை எழுது, வேண்டியதைக் கேள், உன் கோபத்தை வீட்டில் வைத்துக்கொள். வரைவு போட்டு மனைவியிடம் ஒப்புதலுக்கு வைத்தேன். அவள் ஒரு வரியை அடித்தாள்.

மிஞ்சியது இவ்வளவுதான். "திரும்பி வந்தது நான் அனுப்பிய தலை அல்ல. இரண்டின் படங்களும் இணைப்பில். உங்களிடம் இதே வகைத் தலைகள் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். வந்த தலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது, உங்களுக்கே அனுப்புகிறேன்."

பதில் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அதே கடிதத்தை, படங்களோடும் பேத்தி எடுத்த வீடியோவோடும், தளத்துக்கு மேல்முறையீடாக அன்றைக்கே ஏற்றினேன். மரியாதையாக எழுதலாம், கெடுவைத் தவறவிடலாமா?

மூன்றாம் நாள் அவர் எழுதினார். ஒரே மாதத்தில் மூன்று பேரிடம் இதே தலையை வாங்கினாராம், மாறிப்போய்விட்டதாம், மன்னிக்கவும். உண்மைதானா, அல்லது வெளியே வர வழி கிடைத்ததும் பிடித்துக்கொண்டாரா என்று நான் தோண்டவில்லை. என் தலையை அவரே வைத்துக்கொண்டார். பணத்தை என் வங்கிக் கணக்கில் நேராகப் போடுகிறேன் என்றவரிடம், வந்த வழியிலேயே வரட்டும் என்றேன். தளம் வழியாக 2,400 ரூபாய் வந்து சேர்ந்த பிறகே மேல்முறையீட்டை முடித்துக்கொண்டேன். போலியை ஸ்பீட் போஸ்டில் திருப்பி அனுப்பினேன். அதை விற்றவரிடம் அவர் கணக்குத் தீர்க்க வேண்டுமே.

போன மாதம், காளி கோயில் படம் போட்ட 1914 தலை இருக்கிறதா என்று அதே ஆள் கேட்டு எழுதியிருக்கிறார். இரண்டு இருக்கின்றன. இன்னும் பதில் போடவில்லை.