காற்று இறங்கும் வீடுகள்

துபாயின் கண்ணாடிக் கட்டடங்கள் அலுத்துப்போனால், க்ரீக் எனப்படும் கடற்கழியின் கரையிலுள்ள அல் பஹிதிக்குப் போகலாம். பழைய பெயர் பஸ்தகியா. 1890களிலிருந்து ஈரானின் பஸ்தக் பகுதி வணிகர்கள் இங்கே பவளக்கல்லாலும் ஜிப்சத்தாலும் வீடு கட்டிக் குடியேறினார்கள். கூரைக்கு மேலே நாலுபுறமும் திறந்த காற்றுக் கோபுரம், எந்தத் திசைக் காற்றையும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும்.

ஏர்கண்டிஷனர் வந்தது, வணிகர்கள் புது வீடுகளுக்குப் போனார்கள். 1980களில் பாதிக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. 1989இல் மீதிக்கும் ஆபத்து. அங்கே ஒரு வீட்டைப் புதுப்பித்திருந்த பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ரெய்னர் ஓட்டர் எதிர்த்தார். துபாய் வந்த இளவரசர் சார்லஸும் காப்பாற்றச் சொன்னார். இடிப்பு நின்றது.

பழுதுபார்த்த சந்துகளில் இன்று கலைக்கூடங்கள், காப்பிக் கடைகள், அருங்காட்சியகங்கள். துணி காயும் கொடி இல்லை. குழந்தைகளின் கூச்சல் இல்லை. கோபுரங்கள் காற்றுக்காகத் திறந்தே நிற்கின்றன. கீழே பாய் விரித்துப் படுக்கத்தான் ஆளில்லை.